31 கோலுக்குப் பிறகும்



2001 ஏப்ரல் 11. உலகக்கோப்பைத் தகுதிச் சுற்று ஃபுட்பால் மேட்ச். ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடியது அமெரிக்க சமோவா. தேவனே முதல் என்று தன் முத்திரையிலேயே பொறித்திருக்கிற சின்னத் தீவுப்பகுதி அது. பாஸ்போர்ட் பிரச்சனையால், முதலில் எடுத்த டீமில் தேறினது ஒரே ஒருவர்: கோல்கீப்பர் நிக்கி சலாப்பு. 15 வயசுப் பையன்களைக்கூட இறக்கினார்கள். முடிவு என்ன தெரியுமா? 31-0! ஆர்ச்சி தாம்சன் என்பவர் மட்டும் 13 கோல் போட்டார்.

இந்த அவமானம் நமக்கு வந்திருந்தா என்ன செய்வோம்? வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்குவோம். சலாப்பு ஓடிப்போகவில்லை. 2011 நவம்பரில் மறுபடியும் கோல் போஸ்டில் நின்றார். டோங்காவை 2-1 என்று ஜெயித்தார்கள். ஃபிஃபா அங்கீகரித்த போட்டிகளில் அதுவே அவர்களுடைய முதல் வெற்றி!

பேதுருவைப் பாருங்கள். கரிநெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மூன்றுதரம் மறுதலித்தான். உயிர்த்தெழுந்த இயேசுவோ கடற்கரையில் இன்னொரு கரிநெருப்போடு காத்திருந்தார். மூன்றுதரம் கேட்டார், தமது ஆடுகளையே அவன் கையில் ஒப்படைத்தார். அல்லேலூயா!

நானும் பைபிள் காலேஜ் முடித்த புதிதில், பிரசங்கத்தைப் பாதியிலே விட்டு அழுதுகொண்டே இறங்கினவன்தான். மறுஞாயிறு போக மனசில்லை. கர்த்தர் விடவில்லை, அதே மேடையில் என்னை ஏற்றினார்.

எந்த முகத்தோட சபைக்கு வருவேன் என்று வீட்டிலேயே முடங்கியிருக்கிற தேவபிள்ளையே, உன் தோல்விகளைக் கர்த்தர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. கடைசி வரிசையிலாவது வந்து உட்காரு. உன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆமென்.