காக்கையின் மேல் வழக்கு

மாட்டுங்காவில், ஆஸ்திக சமாஜத்துக் கோயிலின் மணியோசை காதில் விழும் தூரத்தில் குடியிருக்கும் எனக்கு, காரண காரியத் தத்துவத்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் சாஸ்திர நூல் எதையும் படித்ததனால் உண்டானதன்று; வீட்டுக் கணிப்பொறி சொல்லாமல் கொள்ளாமல் தானே அணைந்து, தானே விழித்துக்கொள்ளத் தொடங்கியதனால் உண்டாயிற்று. எழுதிய வாக்கியம் பாதியில் நிற்க, திரை கறுத்து, மறு கணமே இயந்திரம் ஒன்றும் அறியாத குழந்தையைப் போல முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு நாள் நான்கு முறை. அடுத்த இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு ஏகாதசியன்று காலையில் இரு முறை. அதனுள் இருக்கும் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், 41 என்ற எண்ணின் கீழ், முறையாக மூடப்படாமலே இயந்திரம் மறுபடி தொடங்கியது என்ற செய்தி மட்டும் இருந்தது. மின்சாரம் அறுந்த கணத்தில் எழுதுவதற்கு அங்கே விழித்திருந்தவர் யார்? ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவன், ‘ஒன்றும் அறியாமல் தூங்கினேன்’ என்பதற்கு மேல் அந்தச் சாட்சியத்தில் எதுவும் இல்லை.

வீட்டில் மூன்று அபிப்பிராயங்கள் எழுந்தன. மேஜையைத் தென்மேற்கு மூலைக்கு நகர்த்திய வேளை சரியில்லை என்றாள் மனைவி. காரணம் என்று ஒன்று இருந்தாலல்லவா தேடலாம், இது வெறும் தற்செயல் என்றான் மகன். நானோ இருவரையும்விட நிச்சயமாக இருந்தேன்: தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கமிருந்து வந்து, புதிய ரேம் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போன திருநெல்வேலிப் பையனே குற்றவாளி, ஏனெனில் அவன் கைவைத்த மறுநாள்தான் இந்த வியாதி கண்டது. இந்தத் தீர்ப்பை மனத்தோடு வைத்துக்கொண்டிருந்தாலாவது பாதகமில்லை; மாடிப்படியில் எதிர்ப்பட்ட இரண்டு குடும்பத்தாரிடம் சொல்லியும் விட்டேன்.

இதற்கு நம் முன்னோர் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கையால் விழுந்தது என்று சொல்லத் துடிப்பது மனத்தின் சுபாவம்; பழம் எத்தனை நாளாகக் காம்பு தளர்ந்துகொண்டிருந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை, காக்கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஆயினும் இதைக் கொண்டு, உலகில் யாவும் தற்செயலே என்று என் மகனைப் போல முடிவு கட்டுவதும் பொருந்தாது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் மிதிலையில் விளங்கிய உதயனாசாரியர், ஈசுவரன் உண்டென்று ஸ்தாபிப்பதற்காக எழுதிய நியாயகுசுமாஞ்சலியில், முதற்படியாகவே இந்த ‘அகஸ்மாத்’ வாதத்தை எடுத்து மறுக்கிறார். காரணமே வேண்டாத பொருளானால் அது என்றும் இருக்க வேண்டும், அல்லது என்றும் இல்லாதிருக்க வேண்டும்; ஒரு சமயம் தோன்றி ஒரு சமயம் தோன்றாதது எதையோ எதிர்பார்த்து நிற்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். எதை நாம் தற்செயலுக்கு அடையாளமாகக் கொள்கிறோமோ, அந்த ‘எப்போதாவது’ என்பதையே அவர் காரணம் உண்டென்பதற்குச் சான்றாக்குகிறார். அவர் கூறும் அத்ருஷ்டமும் நம் பேச்சுவழக்கின் அதிர்ஷ்டம் அன்று. செய்த வினையில் பிறந்து, கண்ணுக்குப் புலப்படாமல் நின்று பயன் தரும் காரணம் அது. விதி என்று சொல்லி விசாரணையைக் கைவிடுவோர்க்கு அந்தச் சாஸ்திரத்தில் இடமில்லை.

பையனைக் கோபத்தோடு வரவழைத்தேன். அவன் தன் கட்சியைப் பேசவில்லை. தான் பொருத்திய ரேமையே முதலில் கழற்றி என் கையில் கொடுத்தான். “இது இல்லாம ரெண்டு நாள் ஓடட்டும் சார். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எதனால சரியாச்சுன்னு யாருக்குத் தெரியும்?” என்றான். அன்று மாலையே இயந்திரம் இரு முறை விழுந்து எழுந்தது; குற்றவாளி ஊரில் இல்லாதபோதே குற்றம் நடந்துவிட்டது. பிறகு விசிறிகளில் படிந்த தூசியை ஊதி எடுத்து, பிராசஸரின் மேல் உலர்ந்துபோன பசையைப் புதுப்பித்தான், மறுபடியும் விழுந்தது. மூன்றாவதாக, எஸ்.எம்.பி.எஸ். என்று கடைத்தெருவில் வழங்கும் மின்பெட்டியைக் கழற்றி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொன்றைக் கொண்டுவந்து பூட்டினான். நான்கு நாள் நிர்விக்கினமாக ஓடிற்று. நான் பணத்தை நீட்ட, அவன் வாங்கவில்லை. “நின்னா மட்டும் போதாது சார், பழசைப் போட்டா திரும்ப வரணும்” என்று பழைய பெட்டியையே மீண்டும் பூட்டினான். ஒரு மணி நேரத்துக்குள் திரை கறுத்தது. காரணம் உள்ளவிடத்தில் காரியம் உண்டு என்னும் அந்வயத்தையும், அது இல்லாதவிடத்தில் இல்லை என்னும் வியதிரேகத்தையும் தர்க்கசங்கிரகத்தில் நெட்டுருப் போட்டவன் நான். அவற்றை ஒருவர் கைக்கொண்டு நான் பார்த்தது அன்றுதான்.

பெட்டியைத் திறந்து காட்டினான். மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கெபாசிட்டர்களில் இரண்டு தலை புடைத்துப் பிசின் போலக் கசிந்திருந்தன. அவற்றினுள் உள்ள திரவம் வெப்பத்தால் சிறுகச் சிறுக வற்றுகிறது. பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அத்துறையினர் கணக்கு. 12 வோல்ட் தரவேண்டிய வழி 11.4-க்குக் கீழ் இறங்கலாகாது. வேலைப்பளு கூடும் கணத்தில் தளர்ந்த பெட்டி அதைத் தாங்கமாட்டாமல், மின்சாரம் சரியாக இருக்கிறதென்று மதர்போர்டுக்கு இடைவிடாது அனுப்பிவந்த சமிக்ஞையை நிறுத்திவிட, இயந்திரம் முதலிலிருந்து தொடங்குகிறது. பையன் எங்கள் வீட்டு வாசற்படி ஏறுமுன்பே பனம்பழம் பழுத்துவிட்டது.

உதயனருக்கு எதிராக இக்காலத்தில் சொல்லக்கூடியதும் ஒன்று உண்டு. 1970-களின் இறுதியில், இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த திமோத்தி மே, முர்ரே வுட்ஸ் என்னும் இருவர், நினைவகச் சில்லுகளின் பீங்கான் உறையில் அணுவளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள், சேமித்து வைத்த ஒன்றைப் பூஜ்யமாக்கிவிடக் கூடும் என்று கண்டார்கள். குறிப்பிட்ட ஒரு தோரிய அணு இந்தக் கணத்தில் ஏன் சிதைந்தது என்று கேட்டால், அந்தக் கணத்துக்குக் காரணம் இல்லை என்பதே இன்றைய இயற்பியலாரில் பெரும்பாலோர் கொள்கை. உதயனர் இதற்கு உடன்படமாட்டார். அந்த வழக்கைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்த இயற்பியலார் எத்தனையோ காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின் கடைசியில் வந்து நின்ற ‘காரணம் இல்லை’ என்ற சொல்லில்தான், என் மகன் மேஜையைவிட்டு எழாமலே தொடங்கினான்.

இயந்திர விஷயத்தில் ஒரு வசதி உண்டு: பழைய பெட்டியை அது மறுபடி ஏற்றுக்கொள்ளும். மனித வாழ்வில் அதற்கு வழியில்லை. மருமகள் காலடி வைத்த மாதத்தில் மாமனாருக்கு வியாபாரம் நொடித்தால், அவள் வராத அதே மாதத்தை நடத்திப் பார்க்க யாரால் முடியும்? சோதிக்கத்தக்க இடத்தில் தற்செயல் என்று சோம்பும் நாம், சோதனைக்கே இடமில்லாத அவ்விடத்தில், ‘அவள் வந்த ராசி’ என்று ஒரு நொடியில் தீர்ப்பளிக்கிறோம். காரணம் உண்டு என்று நம்புவது சிரத்தை. தேடாமலே அதற்கு ஒருவர் பெயரைச் சூட்டுவது அந்தச் சிரத்தைக்கே செய்யும் துரோகம்.

புதிய மின்பெட்டியைப் பூட்டிவிட்டுப் பையன் விடைபெற்ற மாலையில், படியேறிப் போய் அவ்விரு குடும்பத்தாரிடமும் என் பிழையைச் சொன்னேன். ஒரு வீட்டார் சிரித்துவிட்டு அவன் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மற்ற வீட்டு மாமி, “அதனாலென்ன மாமா, நீங்க அன்னிக்குச் சொன்னப்பவே வேற ஆளை வெச்சுண்டுட்டோம்” என்றாள். அவனுக்கு அந்த வீட்டு வேலை போனதன் காரணத்தை அறிய மட்டும் எனக்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.