மெட்டு இல்லாத மரம்

இரவு பத்தரை மணி. ஆம்ப்பை அணைத்துவிட்டேன். மேசை விளக்கைத் தாழ்த்தி, பேஸ் கிட்டாரின் கழுத்தை அதனடியில் சாய்த்துப் பிடித்தால், நாலு தந்திகளுக்கும் கீழே மரத்தில் கோடுகள் தெரிகின்றன. மெல்லிய அரத்தால் யாரோ பொறுமையாக இழுத்த மாதிரி. ஒல்லியான ஜி தந்திக்குக் கீழேதான் அதிகம். ஐந்தாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவில் விரல் நுனியால் தடவினாலே பள்ளம் தட்டுப்படுகிறது.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த வாத்தியம். என் கைக்கு வருமுன் யாரிடம் இருந்தது, எந்த ஊரில் ஒலித்தது, ஒன்றும் தெரியாது. இந்தக் கோடுகள்தான் எனக்குக் கிடைத்த வரலாறு.

போன வாரம் காட்டியபோது பழுதுபார்ப்பவர் சொன்னார்: "பலகை தேஞ்சு போச்சு சார். ஒரு தடவை சமமா இழைச்சிட்டா புதுசு மாதிரி பேசும்." யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்துவந்துவிட்டேன்.

*

வீணையின் தண்டியில் மெழுகின்மேல் பதித்திருக்கும் உலோகக் கட்டைகளுக்கு மெட்டு என்று பெயர். மொத்தம் 24. பாட்டின் இசை வடிவத்துக்கும் நம்மிடம் அதே சொல்தான். மெட்டுப் போடுவது என்கிறோம். கிட்டார்க்காரர்கள் ஃப்ரெட் என்பதை நான் மனதுக்குள் மெட்டு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அப்படிச் சொல்லத் தொடங்கியதிலிருந்து ஒரு கேள்வி கூடவே வருகிறது. என்னுடையதைப் போல மெட்டே இல்லாத வாத்தியத்தில் மெட்டு எங்கே இருக்கிறது?

*

1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தன் முதல் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் பிரிசிஷன் பேஸ். பிரிசிஷன் என்றால் துல்லியம். அதுவரை பேஸ் வாசிப்பவர்கள் ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தார்கள். அதில் மெட்டு கிடையாது. சுருதி முழுக்க விரலின் பொறுப்பு. ஃபெண்டர் அதைக் கிடையாகத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கி, மெட்டுகளை அடித்துக் கொடுத்தார். எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக நிற்கும். பெயரிலேயே வாக்குறுதி இருந்தது.

1970இல் அதே நிறுவனம் அதே பிரிசிஷன் பேஸை மெட்டு இல்லாமலும் விற்கத் தொடங்கியது. நிச்சயம் கைக்கு வந்த பிறகுதான், அது வரும்போது எதைக் கூட்டிக்கொண்டு போனது என்று காது தேடியிருக்க வேண்டும். இந்தப் பத்தொன்பது ஆண்டுகளைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன்.

*

தேடியவர்களில் ஃபெண்டர் முதல் ஆள் இல்லை. நியூ ஜெர்சியின் ஆம்பெக் நிறுவனம் 1966இலேயே ஏயூபி-1 என்ற பேஸை மெட்டு இல்லாமல் செய்து விற்றது. தலை வயலினுடையதைப் போலச் சுருண்டிருக்கும். உடலில் எஃப் வடிவத் துளைகள் முன்னிருந்து பின்வரை ஊடுருவிப் போகும். கண்ணை வைத்தால் மறுபக்கம் தெரியும். அந்த நிறுவனமே டபுள் பேஸில் பிறந்தது. தரையில் ஊன்றும் முளைக்குள் ஒலிவாங்கியைப் பொருத்தும் யோசனையோடு எவரெட் ஹல் என்ற பேஸ் வாசிப்பாளர் தொடங்கியது அது. ஆம்பெக் என்ற பெயரில் இருக்கும் 'பெக்' அந்த முளைதான். மரம் விட்டு மின்சாரத்துக்கு வரத் தயங்கிய கைகளை மனதில் வைத்துச் செய்த வாத்தியம் என்பது அதன் ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது. தி பேண்ட் குழுவின் ரிக் டாங்கோ ஆம்பெக்கின் மெட்டில்லா பேஸை வாசித்தவர்.

அதற்கும் முன்னால், 1961. லண்டனில் பில் வைமன், ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்வதற்கு முன்பு, மலிவான ஒரு பேஸை வாங்கினார். ஒவ்வொரு சுரத்திலும் கரகரப்பு. உடலை அறுத்துச் சிறிதாக்கினார், பழைய மெட்டுகளைப் பிடுங்கினார். புது மெட்டு அடிப்பதாகத்தான் திட்டம். நடுவில் அப்படியே வாசித்துப் பார்த்திருக்கிறார். புது மெட்டு வரவே இல்லை.

இந்த மூன்றில் எனக்கு நெருக்கமானது வைமனுடையதுதான். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில், பாதியில் நின்ற நிலையில், அவருக்கு அது கேட்டிருக்கிறது.

*

அளவுகள். தந்தியின் நீளம் 34 அங்குலம். சுமார் 864 மில்லிமீட்டர். கழுத்தின் தலைப்பக்கத்தில் முதல் அரைச்சுரத்துக்கு 48 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. மேல் ஸ்தாயியை நெருங்கும்போது அது 26 ஆகச் சுருங்கிவிடும். ஒரு அரைச்சுரத்தை நூறு சென்ட்டாகப் பிரிப்பார்கள். அந்தக் கணக்கில், கீழே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இரண்டு சென்ட். மேலே நான்கு. என் விரல் நுனியோ பதினைந்து மில்லிமீட்டர் அகலம்.

மெட்டு வைத்த கிட்டாரில் விரல் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் எங்கே அழுத்தினாலும் போதும். தந்தி உலோகத்தில் போய் முடியும். இதில் தந்தி என் சதையில் முடிகிறது. விரலைச் சற்று உருட்டினால் சுருதி உருள்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. சதையும் மரமும் உலோகத்தைப் போல விறைப்பானவை அல்ல. மீட்டிய கணத்தின் கூர்மையை அவை உறிஞ்சிவிடுகின்றன. பிறகு, தாழ்வாக ஓடும் தந்தி அதிரும்போது பலகையின் நெடுகிலும் உரசிக்கொண்டே போகிறது. அந்த உரசலில் மேல் அதிர்வுகள் சற்றுத் தாமதமாக விழித்தெழுகின்றன. ஆகவே மீட்டிய பிறகுதான் ஒலி மலர்கிறது. வாயை மூடி 'ம்' என்று தொடங்கி 'வா' என்று திறப்பது போல. வாசிப்பவர்கள் அதை 'ம்வா' என்றே சொல்கிறார்கள். முதன்முதலில் என் கையிலிருந்து அது வந்த நாளில் வாசிப்பதை நிறுத்திவிட்டு அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

ஜாக்கோ பஸ்டோரியஸைப் பற்றி எழுதாமல் இந்தக் குறிப்பேடு நகராது.

பென்சில்வேனியாவில் பிறந்து, ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் வளர்ந்தவர். கையில் 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அதன் மெட்டுகளை வெண்ணெய் தடவும் கத்தியால் தானே நெம்பி எடுத்ததாக ஒருமுறை சொன்னார். வாங்கும்போதே எடுத்திருந்தது என்று இன்னொருமுறை. மெட்டு இருந்த பள்ளங்களை மரப்புட்டியால் நிரப்பி, பலகை முழுக்கப் படகுக்குப் பூசும் எபாக்சியைக் கோட்டிங் கோட்டிங்காகப் பூசினார். ஃபோர்ட் லாடர்டேல் கால்வாய்களின் ஊர். வீட்டுக்குப் பின்னால் படகு கட்டி வைக்கும் ஊர். எபாக்சி அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள். அவர் போட்டது சுற்றுக்கம்பித் தந்தி. அதன் வரிகள் வெறும் மரத்தை அரித்துவிடும். அதற்குத்தான் அந்தக் கடினப் பூச்சு. ஆனால் அந்தக் கண்ணாடி வழவழப்பின் மேல் தந்தி பாடத் தொடங்கியது. பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் திறந்து வைப்பார். மூக்கால் பாடுவது போன்ற, நெருக்கமான அந்த ஒலிக்கு இவ்வளவுதான் சூத்திரம். மிச்சமெல்லாம் கை.

1976இல் அவர் பெயரிலேயே முதல் ஆல்பம். அதில் 'கன்டினியம்' என்ற ஒன்று இருக்கிறது. இரண்டு தடங்களில் அதே பேஸை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டது. சுருதியில் மயிரிழை வித்தியாசம், அதிலிருந்து ஒரு நீர்மை. துல்லியமாக ஒன்றிப்போயிருந்தால் அந்த அலை இருந்திருக்காது. அதே ஆண்டில் பாடகி ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா' ஆல்பத்தில் நான்கு பாடல்களுக்கு வாசித்தார். அவள் குரல் வாக்கியத்தை முடிக்காமல் விடும் இடங்களில் பேஸ் வந்து நிற்கிறது. துணைக்கு வந்தவரைப் போல இல்லாமல், இன்னொருவராகப் பேசுகிறது. காரில் நெடுந்தூரம் போய்த் திரும்பிய பயணத்தில் பிறந்த பாடல்கள் அவை. சாலை எங்கே வளைகிறது என்று அந்த பேஸைக் கேட்டே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

வெதர் ரிப்போர்ட் குழுவின் ஜோ சாவினுல் இவருடைய ஒலிநாடாவைக் கேட்டுவிட்டு, எலெக்ட்ரிக் பேஸும் வாசிப்பாயா என்று விசாரித்ததாகச் சொல்வார்கள். கேட்டது டபுள் பேஸ் என்றே நினைத்திருக்கிறார்.

பிறகு நோய், வறுமை, தெரு. அந்த பேஸும் துண்டு துண்டாக உடைந்தது. கைவினைஞர்கள் இருவர் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, முன்னும் பின்னும் மெல்லிய மரத்தகடு பதித்து அதை மீட்டுக் கொடுத்தார்கள். 1986இல் நியூயார்க்கில் அது களவுபோனது. 1987 செப்டம்பரில், இரவு விடுதி வாசலில் வாங்கிய அடியிலிருந்து மீளாமல் ஜாக்கோ இறந்தார். முப்பத்தைந்து வயது.

பேஸ் இருபது ஆண்டுகள் கழித்து ஒரு கடையில் தென்பட்டது. மெட்டாலிக்கா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ 2010இல் அது குடும்பத்தோடு மறுபடி சேர உதவினார். ஒட்டுகளோடும் தழும்புகளோடும் இன்னும் வாசிக்கும் நிலையில் இருக்கிறது.

*

எண்பதுகளில் இந்த ஒலி பரவியது. 1983இல் பால் யங்கின் 'வேர்எவர் ஐ லே மை ஹேட்' பாடலை பினோ பல்லடினோவின் மெட்டில்லா பேஸ்தான் திறந்து வைக்கிறது. பாடகர் வருமுன்பே பாட்டு பாதி பாடப்பட்டுவிடுகிறது. ஜப்பான் என்ற ஆங்கிலேயக் குழுவில் மிக் கார்ன், சைப்ரஸில் பிறந்தவர், சுரங்களுக்கு நடுவில் வழுக்கி அலைவதையே தன் பேச்சாக்கிக்கொண்டார். அவருடைய வரிகளை நான் கற்றுக்கொள்ள முயன்று பலமுறை விட்டிருக்கிறேன். சுரங்கள் கைக்கு வந்துவிடும், நடுவில் இருப்பது வராது. பிறகு மெதுவான காதல் பாட்டென்றால் இந்த வழுக்கல் கட்டாயம் என்றாகி, காதுகள் சலித்து, பேஸ்கள் பெட்டிக்குள் போயின. என்னுடையதும் அப்படி ஏதோ ஒரு பெட்டியில் பல ஆண்டுகள் கிடந்திருக்கலாம்.

*

பழையது ஏன்? நண்பர்கள் கேட்கிறார்கள். மரம் முதிர்ந்தால் ஒலி இனிக்கும் என்பார்கள். நான் அதை மறுக்கவும் மாட்டேன், அதன்மேல் பணம் கட்டவும் மாட்டேன்.

எனக்குத் தோன்றும் காரணம் வேறு. மெட்டு வைத்த கிட்டாரில் தேய்மானம் பெரும்பாலும் மெட்டின்மேல் விழும். தேய்ந்தால் பிடுங்கிப் போட்டுப் புதிது அடிப்பார்கள். வாசித்தவர் அழுத்திய அழுத்தமெல்லாம் அந்த உலோகத் துணுக்குகளோடு குப்பைக்குப் போகும். மெட்டில்லா பேஸில் மாற்றிப்போட ஒன்றும் இல்லை. விரல் எங்கே நின்று நடுங்கியதோ அங்கே மரமே தேய்ந்திருக்கிறது. நாம் சுரத்தை அசைப்பது தந்தியின் நீளவாக்கில். அந்த அசைவில் சுற்றுக்கம்பியின் வரிகள் அரமாக வேலை செய்கின்றன. ஆகவே ஆழமான கோடு என்றால் அங்கே ஒருவர் நீண்ட சுரத்தை விரும்பி நிறுத்தியிருக்கிறார் என்று பொருள். அவசரமாகக் கடந்துபோன இடங்கள் வழவழவென்று இருக்கின்றன.

ஜி தந்தியில் ஏழாம் இடத்தை ஒட்டிய அந்தப் பள்ளம் டி சுரம். பக்கத்தில் திறந்த டி தந்தி இருக்கிறது. அதைத் தம்பூராவாக அதிரவிட்டு, மேல் ஸ்தாயி டியை இதில் தேடியிருக்கிறார். எனக்குத் தெரியும். நானும் தினம் இதையேதான் செய்கிறேன்.

*

தேடுவது இப்படி. திறந்த டியை மீட்டிவிட்டு, விளக்கை அணைத்து, மேலே விரல் வைப்பேன். சற்றுத் தள்ளியிருந்தால் இரண்டு ஒலிகளும் மோதி ஒரு துடிப்பு கேட்கும். விரலை உருட்ட உருட்டத் துடிப்பு மெதுவாகும், பெருமூச்சுபோல நீளும், பிறகு காணாமல் போகும். அந்த இடம் நேற்றிருந்த இடத்திலேயே இருப்பதில்லை. மழைக்காலத்தில் கழுத்து ஒரு இம்மி வளைகிறது, தந்தி உயர்கிறது, கை வியர்க்கிறது. என் பேஸில் மெட்டு இருக்க வேண்டிய இடங்களுக்குக் கோடும் போடவில்லை. பக்கவாட்டில் சில புள்ளிகள் உண்டு, அவ்வளவுதான். சில நாள் அரை மணி நேரம் இந்த ஒரு சுரத்தோடு போய்விடும்.

*

சனிக்கிழமை பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். இழைக்கத்தான் வேண்டும், ஏழாம் இடத்துக்குக் கீழே சுரங்கள் மலராமல் நின்றுவிடுகின்றன, அது எனக்கும் கேட்கிறது. "ரொம்ப எடுத்திராதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

தந்திகளைக் கழற்றினார். கழுத்தின் கம்பியைத் திருகி நேராக்கினார். பிறகு பென்சிலை எடுத்துப் பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கினார். நீளமான சமக்கட்டையில் மணற்காகிதத்தை ஒட்டி, ஒரே சீராக, தலையிலிருந்து உடல்வரை தள்ளத் தொடங்கினார். மேடான இடங்களில் கிறுக்கல் அழிந்து மரம் வெளிச்சமானது. பள்ளத்தில் கிடந்த பென்சில் அப்படியே நின்றது. பழுப்புத் தூள் அவர் முழங்கை மயிரில் படிந்தது.

கால் மணி நேரத்தில் மூன்று தீவுகள் மிஞ்சின. பிறகு இரண்டு. பிறகு ஜி தந்தியின் பாதையில், ஏழாம் இடத்தில், அரிசிமணி நீளத்துக்கு ஒரே ஒரு கருப்பு.

அவர் கட்டையை நிறுத்தினார். "இதையும் எடுக்கணும்னா பலகை பூரா இன்னொரு சுத்து போகணும். விட்டாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. அந்த இடம் மட்டும் லேசா உறுமும்."

"இருக்கட்டும்ணே."

துணியில் எண்ணெய் தொட்டுப் பலகையைத் துடைத்தார். மரம் கருத்தது. பென்சில் கருப்பு எது, மரத்தின் கருப்பு எது என்று தெரியவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். இருந்தது.