மிகுவிலை ஊர்தியும் பொருள் வரைதலும்

பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தார் ஒருவர், ஒரே பயனுக்குரிய இரு பொருள்களுள் விலை மிகுந்ததை வாங்குதல் தகுமா? தகாது என்று ஒரே சொல்லில் விடை கூறுவார் உளர். நேர்வழியில் ஈட்டிய பொருள் கையில் இருக்க, வாங்குவதில் குற்றம் யாது என்பாரும் உளர். இரு சாராரும் வினாவை முழுமையாகக் கேளாமலே விடையிறுக்கின்றனர் என்பது நம் கருத்து.

மதுரைச் செல்லூரில் துணி வணிகம் செய்துவரும் சிராவக அன்பர் ஒருவர் இவ்வினாவை நமக்கு விடுத்துள்ளார். அவர்தம் அன்னையாருக்கு வயது 78. நாற்பது ஆண்டுகளாக இரவுண்ணாமையைக் காத்து வருபவர். கிழங்கு வகைகளையும் வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் விலக்கியவர். வடிகட்டாத நீரைப் பருகாதவர். இருபது தீர்த்தங்கரர் வீடுபேறெய்திய சம்மேத சிகரத்தைக் கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என்பது அவ்வம்மையாரின் நெடுநாள் விருப்பம். வழியில் சிரவணபெளகொளத்திலும் இறங்கிக் கோமடேசுவரரை வணங்க வேண்டுமாம். மதுரையிலிருந்து சாலை வழியே 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் அது. தொடர்வண்டி நிலையங்களின் படிக்கட்டுகளை அவரால் ஏற இயலாது. வழியோர உணவு விடுதிகளையோ நம்ப இயலாது. ஆகவே, படுக்கையும் அடுக்களையும் கழிப்பறையும் உள்ள கேரவன் ஒன்றை வாங்க அன்பர் கருதியுள்ளார்.

அவர்முன் இருப்பவை இரண்டு. ஒன்று, வேன் ஒன்றின் அடிச்சட்டத்தின்மேல் கரூர்ப் பட்டறையில் பாடி கட்டி, இரு கட்டில், எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறு கழிப்பறை ஆகியவற்றை அமைத்துக்கொள்வது. மற்றொன்று, பெரிய நிறுவனம் ஒன்று முடித்துத் தரும் உயர்தரக் கேரவன். சோபா, இரு குளிர்சாதனப் பெட்டிகள், அகன்ற தொலைக்காட்சி, வெந்நீர்க் குளியலறை, தேக்கு நிறத்தில் இழைத்த சுவர்கள் எல்லாம் அதில் உண்டு. முன்னதைப்போல் இரண்டரை மடங்கு விலை. கூடுதல் விலைக்கு அது தகுமா என்பது முதல் வினா. உயர்ந்ததையே வாங்கி, விலை வேறுபாட்டுக்கு ஈடான தொகையை அறப்பணிக்கு ஈந்துவிட்டால் குற்றம் நீங்குமா என்பது இரண்டாம் வினா.

வண்டியே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்க வேண்டிய ஒருவருக்கு, மாலை ஐந்து மணிக்கு வண்டியைச் சாலையோரம் நிறுத்தித் தம் அடுப்பிலேயே சமைக்க முடிவது விரதத்துக்குத் துணையாகும். முன்னோரும் மாட்டுவண்டியில் அரிசியும் பானையும் ஏற்றிக்கொண்டே யாத்திரை சென்றனர். கேரளத்தில் 2021ஆம் ஆண்டு அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபின் அத்தகைய வண்டிகள் வாடகைக்கும் கிடைக்கின்றன. வாடகைக்கு எடுக்கலாகாதா என்று கேட்டோம். புலால் சமைத்த அடுப்பிலும் கலத்திலும் அன்னையார் உண்ணமாட்டார் என்று விடை வந்தது. அதன்பின் நாம் அதை வற்புறுத்தவில்லை.

இனிக் கூடுதல் விலை எதற்குச் செல்கிறது என்று பார்க்க வேண்டும். இவ்வாராய்ச்சி நன்கு முதிர்ந்த நாடு அமெரிக்கா. ஆங்கே 'ஐந்தாம் சக்கர' வண்டி என்றொரு வகை உண்டு. பிக்கப் லாரியின் சரக்குத் தட்டில், பின்னச்சுக்கு மேலே பொருத்திய இணைப்பில் மாட்டி இழுத்துச் செல்லும் வீடு அது. பழைய குதிரை வண்டிகளில் முன்னச்சு திரும்புவதற்காகக் கிடையாக வைத்த வட்டத் தகட்டுக்கு வழங்கிய பெயரே இதற்கும் வந்தது. எளிய வகை வண்டி நான்கைந்து டன் எடை இருக்கும். உயர்தர வகை ஏழு எட்டு டன்னையும் எட்டும். எடை மிகவே, இழுக்கும் லாரியும் பெரியதாக வேண்டும். பின்புறம் இரட்டை டயர் வேண்டும். டீசலும் மிகுதியாகச் செலவாகும். வீட்டுக்கென்று தொடங்கிய செலவு லாரிக்கும் பரவி விடுகிறது. வாங்கிய முதற் சில ஆண்டுகளிலேயே இவ்வண்டிகளின் மதிப்பு பெரிதும் இறங்கிவிடும். விலை உயர்ந்ததற்கு இழப்பும் உயர்ந்ததே.

எனினும், கூடுதல் விலை முழுவதும் வீண் என்று சொல்வதும் நேர்மையன்று. உயர்தர வண்டிகள் சிலவற்றில் சட்டம் உறுதியாக இருக்கும். தடைக்கருவியும் அச்சும் டயரும் மேம்பட்டிருக்கும். சுவர்கள் பனிக்காலக் குளிரைத் தாங்கும். ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருப்பார்க்கு அவை பயன்படும். ஆண்டில் மூன்று வாரம் செல்வார்க்கு அப்பனிச்சுவர் எதற்கு? கூடுதல் விலை என்று நாம் ஒரு சொல்லால் குறிப்பது உண்மையில் பல விலைகளின் தொகுப்பு. அதைப் பிரித்துப் பார்த்தாலன்றித் தகும், தகாது என்று கூற வழியில்லை. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறியோசை கேட்ட செல்லூரில் இதை யாரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. வெறும் வேட்டி நெய்பவர் தம் தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டியை ஏற்றுவதில்லை. பூக்கரை நெய்பவருக்கோ அது இன்றியமையாதது. பெட்டியின் விலை இருவர்க்கும் ஒன்றுதான்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பொருள் வரைதலுக்கு நேரும் வழுக்கள் ஐந்தெனக் கூறுகிறார். அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவகனம் என்பன அவை. ஊர்தி மிகை, தொகுப்பு மிகை, பிறர் செல்வத்தையும் ஊதியத்தையும் கண்டு வியந்து மனங்கலங்குதல், பேராசை, சுமை மிகை என்று அவற்றைத் தமிழில் கூறலாம். பொருட்பற்றைப் பற்றிய ஐந்து வழுக்களுள் இரண்டு ஊர்தியையும் சுமையையும் சார்ந்தவையாக அமைந்தது நம்மை ஒவ்வொரு முறையும் நின்று எண்ண வைக்கிறது. அதிவாகனம் என்பதற்கு, ஊர்தி விலங்குகளை ஆசையினால் அவற்றின் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல் என்று பழைய உரை பொருள் கூறும். தேவைக்கு மேற்பட்ட ஊர்திகளை வைத்திருத்தல் என்று இக்காலத்தார் கொள்வதும் உண்டு. எருதுக்கு வலி உண்டு, இயந்திரத்துக்கு இல்லையே என்று சிலர் கேட்கலாம். பெரிய வண்டி எரிக்கும் டீசலும், இரவில் அதன் விளக்கொளியில் மோதி மடியும் பூச்சிகளும் யாருடைய கணக்கில் சேரும்? பகலில் மட்டும் ஓட்டுங்கள் என்று அன்பருக்கு எழுதியுள்ளோம். எந்த வண்டியாயினும் இது பொருந்தும்.

பொருள் வரைதல் என்றால் வறுமையை ஏற்றல் என்று எண்ணுவார் உளர். சுவேதாம்பர மரபின் ஏழாம் அங்கமாகிய உவாசகதசாவில் வரும் ஆனந்தர் வரலாறு இவ்வெண்ணத்தைப் போக்கும். வாணிஜகிராமத்துப் பெருஞ்செல்வராகிய அவர், மகாவீரரிடம் விரதம் ஏற்கும்போது தம் உடைமைகளை ஒவ்வொன்றாக வரையறுத்தார். நெடும்பயணத்துக்கு 500 வண்டிகள், உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 500 வண்டிகள், அவற்றுக்கு மேல் இல்லை என்றார். ஆயிரம் வண்டிகள் உடையவரைத் துறவுள்ளம் கொண்டவர் என்று நம் தெருவில் யாரும் சொல்லமாட்டார்! ஆயினும் ஆயிரத்தோராவது வண்டி எவ்வளவு அழகாயினும், எவ்வளவு மலிவாயினும், அது அவருக்கு இல்லை. ஏனெனில் எல்லை முன்னரே இடப்பட்டுவிட்டது. நாமோ பொருளை முதலில் பார்க்கிறோம். சோபாவில் அமர்ந்து பார்க்கிறோம். தொலைக்காட்சியை இயக்கிப் பார்க்கிறோம். அதன்பின் வீடு திரும்பித் 'தகுமா' என்று கேட்கிறோம். அவ்வேளையில் கேட்கும் வினாவுக்கு ஆசை முன்னரே விடை எழுதி வைத்திருக்கும். பரிக்கிரகம் என்பது மயங்கிப் பற்றும் மனநிலையே என்று உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வரையறுத்ததும் இது குறித்தே.

ஆகவே அன்பரிடம், உங்கள் விரதத்தில் ஊர்தியின் எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டோம். 'இரண்டு' என்றார். கடைக்குச் சரக்கேற்றும் சிறுவண்டி ஒன்றும் குடும்பத்துக் கார் ஒன்றும் இப்போதே உள்ளன. அவ்வாறாயின், எளியதா உயர்ந்ததா என்று கேட்பதற்கு முன், மூன்றாவதை ஏற்பதா, இருப்பவற்றுள் ஒன்றை விடுவதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. யாத்திரைக்கென்று எல்லையைத் தளர்த்தலாகாதா என்றார். தளர்த்தும் உரிமை இருக்குமானால் அதற்கு எல்லை என்று பெயரிடுவானேன்? காரை விற்றுவிடுவதாக இப்போது எழுதியிருக்கிறார். அவருடைய இல்லத்தரசியார் இதற்கு இசைந்தாரா என்பதை நாம் கேட்கவில்லை.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். மிகுவிலை கொடுத்துவிட்டு, அதற்கீடாகத் தானம் செய்தால் நேர்படுமா? தானம் நல்வினையே; அதனை யாரும் தடுக்க வேண்டா. ஆனால் பற்றையும் ஈகையையும் ஒரே பேரேட்டில் பற்று, வரவு என்று எழுதிக் கழிக்க முடியாது. சோபாவின்மேல் உள்ள பற்று, அன்னதானத்தால் குறைவதில்லை. இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும். மதுரைக்கு அண்மையில் கிடாரிப்பட்டியை ஒட்டிய அழகர்மலைக் குகைத்தளத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்துகளில், கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மதுரைப் பொன்கொல்லர், உப்பு வணிகர், அறுவை வணிகர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அறுவை என்பது துணி. நம் அன்பரின் தொழிலே அவருடையதும். இக்குன்றுகளின் கற்படுக்கைகளைக் கண்டவர்கள் அறிவர்: பலவற்றில் தலைமாட்டைத் தலையணைபோல் சற்றே உயர்த்திச் செதுக்கியிருப்பார்கள். வெறும் பாறையிலும் துறவி படுத்திருப்பார். உயர்த்திச் செதுக்குவது கல்தச்சருக்குக் கூடுதல் உழைப்பு. கொடுத்தவருக்குக் கூடுதல் செலவு. அச்செலவு வீண் என்று நமக்குத் தோன்றவில்லை. துறவியின் கழுத்து வலிக்குமே என்று எண்ணிய ஒருவரின் பரிவு அதில் தெரிகிறது. அப்படுக்கையில் கொடுத்தவர் படுக்கவில்லை.

இதே அளவுகோலை அன்பரின் வண்டிக்கு வைத்துப் பார்த்தோம். முதிய உடலைக் குலுங்காமல் கொண்டுசெல்லும் ஏர் சஸ்பென்ஷன் வேண்டும். அதற்கு மிகுவிலை கொடுக்கலாம். தாழ்ந்த படிக்கட்டும், பிடித்து எழக் கைப்பிடியுள்ள கழிப்பறையும் வேண்டும். தடைக்கருவியிலும் டயரிலும் மலிவு தேடலாகாது. அது தம்முயிருக்கும் சாலையில் வரும் பிறவுயிருக்கும் தீங்காகும். கோடையில் முதியவர்க்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியும் மிகையன்று. இவை அனைத்தையும் எளிய வண்டியிலேயே அமைத்துக்கொண்டால் விலை கூடும். இரண்டரை மடங்கு ஆகாது. (1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவுச் சான்றில் கண்ட அமைப்பை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்ற இயலாது. ஆதலின் பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.) எஞ்சி நிற்பவை தேக்கு நிறச் சுவரும் அகன்ற தொலைக்காட்சியும் போன்றவை. அவற்றால் அன்னையாருக்கு ஆவது ஒன்றுமில்லை. தருமசாலை வாயிலில் வண்டி நுழையும்போது, பேருந்தில் வந்திறங்கிய மற்றக் குடும்பத்தார் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவே. ஆசாரியர் கூறிய விஸ்மயம் நம்மிடம் எழுவது ஒரு வழு. பிறரிடம் அதை எழுப்புவதற்கென்றே பொருள் செலவிடுவதை என்னென்பது? மேலும், ஆண்டில் ஒரு மாதம் ஓடி, எஞ்சிய மாதங்களெல்லாம் செல்லூரின் குறுகிய தெருவில் அப்பெரிய வண்டி எங்கே நிற்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

எவ்வண்டியாயினும் சம்மேத சிகரத்தின் அடிவாரமாகிய மதுவனத்தோடு நின்றுவிடும். மலையேறுதல், சுற்றி வழிபடுதல், இறங்குதல் எல்லாம் சேர்ந்து 27 கிலோமீட்டர். நடக்க இயலாதவர்களை டோலியில் சுமந்து செல்வார்கள். சுமக்கப்படுவோரின் எடைக்கேற்பக் கூலி. இருவர் சுமப்பதும் உண்டு, நால்வர் சுமப்பதும் உண்டு. வண்டியின் மெத்தைக்குக் கணக்குப் பாராமல் இலட்சங்களைக் கொடுத்த குடும்பத்தார், விடியற்காலை இருட்டில் டோலிக்காரரிடம் சில நூறு ரூபாய்க்கு நின்று வழக்காடும் காட்சியை யாத்திரை சென்று வந்தோர் கண்டிருப்பர். சுமை மிகை என்னும் வழுவை ஆசாரியர் கூறியபோது, இரும்பு அச்சைக் கருதியிருக்கமாட்டார். உயிருள்ள தோளையே கருதியிருப்பார். அன்னையாரின் எடை 62 கிலோ என்று அன்பர் குறித்துள்ளார். நால்வர் டோலியையே அமர்த்துமாறும், கேட்ட கூலியைக் கேட்டபடி கொடுக்குமாறும், வழியில் அவர்கள் இளைப்பாற விரும்பும் இடத்திலெல்லாம் இறக்கி வைக்கச் சொல்லுமாறும் அவருக்கு எழுதியிருக்கிறோம்.