மானியம் பெற்றுச் செய்யும் அறம்

அடியார்களாகிய உங்களின் சிந்தனைக்கு ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகின்றேன். ஒரு நற்செயலைச் செய்வதற்கு ஒருவர் பணம் பெற்றுக்கொண்டால் அது அறமாகுமா, அல்லது கூலிவேலையாகுமா? கேள்வி பழையதுதான். ஐக்கிய அமெரிக்காவில் நடைபெறும் ஒரு காரியத்தைப் பற்றி வாசித்தபோது அது புதிதாக என் மனத்தில் எழுந்தது.

அந்நாட்டின் வடபகுதியிலே மினசோட்டா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே வீட்டு வளவு என்றால் பெரும்பாலும் ஒரே மட்டமாக வெட்டப்பட்ட பச்சைப் புல்தரைதான். அந்தப் புல்லினங்கள் பல ஐரோப்பாவிலிருந்து வந்தவை. பூக்கும் முன்னரே அவற்றை இயந்திரத்தால் வெட்டிவிடுவார்கள். பார்வைக்கு அழகாயிருந்தாலும் தேனீக்கோ வண்ணத்துப்பூச்சிக்கோ அங்கு ஒரு வாய் உணவு கிடையாது. முன்பு அம்மாநிலத்தின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் மலர்ச்செடிகள் செறிந்த இயற்கைப் புல்வெளிகள் பரந்திருந்தன. அவை உழப்பட்டு வயல்களாகவும் ஊர்களாகவும் மாறிவிட்டன. இன்று நூற்றுக்கு இரண்டு பங்குகூட எஞ்சவில்லை.

இதனால் அழிவின் விளிம்புக்கு வந்த உயிர்களில் ஒன்று, முதுகிலே துருநிறத் திட்டுள்ள ஒருவகைப் பெருந்தேனீ. 2017 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க அரசு அதனை அழிவை எதிர்நோக்கும் இனமென அறிவித்தது. இத்தேனீயின் கூட்டம் பனிக்காலத்தைத் தாண்டுவதில்லை. புதிய இராணிகள் மாத்திரம் நிலத்துக்குள் உறங்கி, வசந்தத்தில் எழுந்து, தன்னந்தனியே கூடு தொடங்கும். அந்த வேளையில் பூ இல்லையென்றால் கூடும் இல்லை. ஆகவே வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை ஏதாவதொரு பூ மலர்ந்துகொண்டே இருக்கவேண்டும்.

2019 இல் மினசோட்டா மாநிலம் இத்தேனீயைத் தன் மாநிலத் தேனீயாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டிலே, புல்தரையின் ஒரு பகுதியை அகற்றி அம்மண்ணுக்குரிய செடிகளை நட விரும்பும் வீட்டாருக்குச் சிறு உதவித்தொகை வழங்கும் திட்டமொன்றுக்கும் பணம் ஒதுக்கியது. ஆரம்ப ஆண்டுகளில் ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 350 டொலர். முதலில் தமது பணத்தைச் செலவழித்து, பற்றுச்சீட்டைக் காட்டிய பின்னரே அதனைப் பெறலாம். அத்துடன் உதவித்தொகையின் கால்பங்குக்கு ஈடானதை வீட்டாரும் தம் பங்காக இடவேண்டும். அந்தப் பங்கு பணமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மண்வெட்டி பிடித்து உழைத்த நேரத்தையும் கணக்கிலே காட்டலாம். விண்ணப்பித்தோர் அனைவருக்கும் கொடுக்கப் பணம் போதவில்லை.

இனிக் கேள்விக்கு வருவோம். முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரி வள்ளலின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் எந்தத் திறைசேரியிடமும் தேருக்கான செலவைத் திருப்பிக் கேட்கவில்லை. தன் வளவிலே நாலு பூஞ்செடி நடுவதற்கு அரசாங்கத்திடம் பற்றுச்சீட்டு நீட்டுபவனை அவனோடு எவ்வாறு ஒப்பிடுவது? கைம்மாறு கருதாத செயலே அறம் என்பது நம் முன்னோர் வகுத்த அளவுகோல் அல்லவா?

இந்த ஐயத்தை மேல்நாட்டு அறிஞர்களும் எழுப்பியுள்ளனர். ரிச்சர்ட் ரிட்மஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் இரத்ததானத்தை ஆராய்ந்து 1970 இல் ஒரு நூல் எழுதினார். இரத்தத்துக்கு விலை கொடுக்கத் தொடங்கினால், சும்மா கொடுக்கும் மனம் மனிதரிடம் குறைந்துவிடும் என்பது அவரது வாதம். காசு நுழையுமிடத்திலே கருணை வெளியேறும் அபாயம் உண்டு என்பதை நாம் மறுக்கமுடியாது.

ஆனால் நம்மூர் இரத்ததான முகாமையே எண்ணிப் பாருங்கள். இரத்தம் கொடுத்து எழுந்தவருக்கு ஒரு குளிர்பானமும் நாலு பிஸ்கற்றும் கொடுக்கின்றோம். அதைக் குடித்தவரைப் பார்த்து இரத்தத்தை விற்றார் என்று யாராவது சொல்வார்களா? சொல்லமாட்டார்கள். ஏனெனில் அந்தக் குளிர்பானம் இரத்தத்தின் விலைக்கு ஈடாகாது. கொடுத்தவர் தளர்ந்துபோகாமல் வீடுசேர அது ஒரு கைத்தாங்கல். உதவி சிறிதாக இருக்கும் வரைக்கும் அது கைத்தாங்கலாகவே நிற்கும். பெரிதானால் விலையாகிவிடும். எனவே இத்தகைய மானியம் சிறியதாக இருப்பது, அதன் குறையாகத் தோன்றினாலும், உண்மையில் அதன் காவல்.

முப்பது வருடத்துக்கு மேலாக அரச அலுவலகங்களில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். மானியக் கோவைகள் பல என் மேசையைக் கடந்து சென்றன. மானியத்திலே பெற்ற கன்று ஒரு வளவில் வேலியோரம் வாடிக் கிடக்கும். அதே நாளில் அதே படிவத்தில் பெற்ற கன்று அடுத்த வளவிலே காய்த்துக் குலுங்கும். பணம் கன்றை வாசல்வரை கொண்டுவரும். அதற்கு மேல் ஒரு செம்பு தண்ணீரைக்கூட அது ஊற்றாது.

மினசோட்டாவிலும் அப்படித்தான். இயற்கைச் செடிகள் வேர்பிடித்து நிறைய இரண்டு மூன்று வருடங்கள் எடுக்கும். அதுவரை களை பிடுங்கவேண்டும், கோடையில் நீர் விடவேண்டும், பூச்சிநாசினி தெளிக்க நீளும் கையை அடக்கவேண்டும். இலையிலே மயிர்க்கொட்டி ஊர்ந்தால் அருவருக்காமல் விடவேண்டும். வோஷிங்டன் நகரை அண்டிய வீட்டு வளவுகளிலே சிக்கடி என்னும் சிறு குருவியை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2018 இல் வெளியானது. வளவிலுள்ள தாவரங்களில் நூற்றுக்கு எழுபது பங்கேனும் அம்மண்ணுக்குரியவையாக இருந்தாலன்றி அக்குருவியினம் அங்கு நிலைக்காது என்று அது காட்டியது. காரணம், குஞ்சுகளுக்குத் தேவை மயிர்க்கொட்டி. அந்த மயிர்க்கொட்டிகளோ அந்நியச் செடிகளிலே அரிதாகவே வளரும். இலை ஓட்டையாவதைப் பொறுப்பவன் வீட்டிலேதான் குருவி பாடும். அந்தப் பொறுமைக்கு எந்தப் படிவத்திலும் நிரல் இல்லை. மானியம் முடிந்த இடத்திலே அறம் தொடங்குகின்றது என்பது என் முடிபு.

இன்னொரு ஆட்சேபனையும் உண்டு. பொதுப்பணம் எல்லோருடையதும். ஒரு துண்டு நிலமும் இல்லாதவனும் ஏதோவொரு வரி செலுத்துகின்றான். அந்தப் பணத்தை ஏற்கெனவே வீடும் வளவும் உள்ளவனுக்குக் கொடுப்பது நீதியா? இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. கொடுக்கப்படுவது வீட்டுக்காரனின் நன்மைக்காக என்றால் அது அநீதியே. ஆனால் பெறுபவர் உண்மையில் யார்? தேனீயால் விண்ணப்பப் படிவம் நிரப்பமுடியாது. குருவிக்கு வங்கிக் கணக்கு இல்லை. அவற்றின் பங்கை ஒருவர் கையேற்று நடத்தவேண்டும்.

ஆலயத்திலே தர்மகர்த்தா என்பவர் யார்? கோயில் சொத்தின் சொந்தக்காரர் அல்லர். சுவாமிக்கும் அடியாருக்கும் உரியதைச் சிறிது காலம் கையிலே வைத்துக் கணக்குக் காட்டுபவர். மானியம் பெற்ற வீட்டுக்காரனும் அவ்வாறே. தன் வளவின் அந்த ஒரு பகுதிக்கு அவன் தர்மகர்த்தா. பணத்தை வாங்கிவிட்டு இரண்டாம் வருடமே செடியைப் பிடுங்கிப் புல்லைப் பதித்தால், சட்டம் அவனைத் தேடி வராமலும் போகலாம். ஆனால் பொதுச்சொத்தைத் தின்றவனுக்கும் அவனுக்கும் வேறுபாடு இல்லை. ஒழுங்காகப் பேணினாலோ அதன் பயன் அவன் வேலியோடு நிற்பதில்லை. தேனீ யாருடைய உறுதியையும் பார்த்துப் பறப்பதில்லை. நிலமில்லாதவன் வாங்கும் காய்கனியிலும் பூச்சிகளின் உழைப்பு உண்டு.

அயலவரின் கண்ணும் ஒரு சோதனைதான். வெட்டாத செடி கொடிகளைப் பார்த்து, வளவைக் காடாக்கி விட்டார்கள் என்று அங்கும் முறையிடுவார்கள். புல்லின் உயரத்துக்கு எல்லை விதித்த நகரசபைகளும் உண்டு. 2023 இல் மினசோட்டாவிலே, முறையாகப் பராமரிக்கப்படும் இயற்கைத் தோட்டங்களுக்கு நகரசபைகள் இடமளிக்கவேண்டுமென்று சட்டம் செய்தார்கள். சிறு தொகை சில வீடுகளுக்கே எட்டும். தடையை நீக்கும் சட்டமோ எல்லா வீட்டுக்கும் பொது. உதவி செய்வதிலும் பெரிய அறம், நன்மை செய்ய எழுந்தவனின் கையைத் தட்டிவிடாமல் இருப்பது என்று இதிலிருந்து அறிகின்றோம்.

ஆகவே என் கருத்தைத் தொகுத்துச் சொல்வதானால், மானியம் பெற்றுச் செய்வதும் அறமாகலாம். உதவி சிறிதாக இருத்தல், பெறுபவன் தன் பங்கையும் இடுதல், பணம் நின்ற பின்னும் செயல் நில்லாதிருத்தல் ஆகிய மூன்றுமே அதனைச் சோதிக்கும் உரைகல். மூன்றாவதே கடினமானது. அதனை வெளியார் ஒருவரும் அளக்கமுடியாது. அவரவர் மனமே கணக்காய்வாளர்.

அங்குள்ள வீட்டார் நடும் செடிகளிலே மில்க்வீட் என்பதும் ஒன்று. கிள்ளினால் பால்வடியும் அச்செடி நமது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிக்கோ மலைக்காடு வரை பறந்து செல்லும் மொனாக் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதன் இலையைத் தவிர வேறு உணவு இல்லை. அந்தப் பூச்சியின் உறவினமான செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி நம் நாட்டிலும் உண்டு. அது எருக்கிலையிலே முட்டையிடும். பிள்ளையாருக்கு மாலை கட்ட எருக்கம்பூவைக் கொய்யும் நாங்கள், பூவை எடுத்துக்கொண்டு இலையைப் புழுவுக்கு விட்டுவைக்கலாம். வேலியோரத்து எருக்கை வெட்டாமல் விடுவதற்கு நமக்கு எவரும் மானியம் தரப்போவதில்லை. தராமலே செய்ய முடிந்த இந்தச் சிறு அறத்தை நம் வளவுகளில் தொடங்குவோமாக.