கதவைத் தட்டினால் திறப்பவர் யார்?

வாடகை வீட்டில் வாழ்பவரைக் குடியிருப்பவர் என்கிறோம். அவர் மாதந்தோறும் தரும் தொகைக்குக் குடிக்கூலி என்று பெயர். ‘குடி’ என்னும் சொல் குடும்பத்தைக் குறிக்கும், ஊரைக் குறிக்கும், நாட்டு மக்களையும் குறிக்கும். குடிமகன், குடியரசு ஆகிய சொற்களும் அதே வேரில் கிளைத்தவையே. ஓரிடத்தில் தங்கி வாழ்வதும் அவ்விடத்தின் நடப்பில் பங்கு பெறுவதும் ஒன்றையொன்று பிரியாதவை என்று நம் மொழி எண்ணியிருக்கிறது. ஆனால் வீட்டின் உரிமை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும்போது, அவ்வீட்டில் வாழ்பவரின் கருத்தை யார் கேட்கின்றனர்? உரிமையாளர் தனிமனிதராக இல்லாமல் ஒரு சங்கமாகவோ வாரியமாகவோ இருந்து, அது வேறொன்றுடன் இணைய முற்படும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது.

பென்னாகரத்தில் இருந்துகொண்டு இதைப்பற்றி நாம் ஏன் சிந்திக்கவேண்டும் என்று சிலர் வினவலாம். நம் வட்டாரத்துக் குடும்பங்கள் பல, மழை பொய்த்த ஆண்டுகளில் மட்டுமன்றி எல்லா ஆண்டுகளிலும், கட்டட வேலைக்காகவும் ஆலை வேலைக்காகவும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் செல்கின்றன. ஊரில் தமக்கெனச் சிறு கூரை இருந்தும், ஆண்டின் பெரும்பகுதியை வாடகை அறைகளிலேயே கழிப்போர் நம்மிடையே உள்ளனர். குடியிருப்பவரின் நிலை அவர்களுக்கு ஏட்டுச் செய்தியன்று, அன்றாட வாழ்வு.

இக்கேள்வி பேரளவில் எழுந்த இடம் இங்கிலாந்து. 1960-களின் தொடக்கத்தில் இலண்டனின் மேற்குப் பகுதியான நாட்டிங் ஹில்லில், கரீபியன் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளரும் பிற ஏழைகளும் இடிந்த வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். அவர்களிடமிருந்து வாடகையைக் கறந்த வீட்டுக்காரர்களில் ஒருவரான ராக்மன் என்பவரின் பெயர், ஏழைக் குடியிருப்போரைச் சுரண்டுவதற்கே ஒரு சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. அங்கே பணியாற்ற வந்த புரூஸ் கென்ரிக் என்னும் போதகர், 1963-இல் நண்பர்களுடன் சேர்ந்து நாட்டிங் ஹில் வீட்டுவசதி அறக்கட்டளையைத் தொடங்கினார். பழைய வீடுகளை வாங்கிப் பழுதுபார்த்து, ஏழைகள் தாங்கக்கூடிய வாடகைக்கு விடுவதே அதன் பணி. இரண்டாண்டுகள் கழித்து, 1965-இல், அருகிலுள்ள பேடிங்டன் பகுதித் திருச்சபைகள் அதே நோக்கத்துடன் தமக்கென ஒரு சங்கத்தை நிறுவின.

இவ்விரண்டு விதைகளும் மரங்களாயின. பேடிங்டன் சங்கம் வேறு சங்கங்களோடு இணைந்து வளர்ந்து, ‘ஜெனிசிஸ்’ என்று பெயர் பெற்றது. 2018 ஏப்ரலில் நாட்டிங் ஹில் அறக்கட்டளையும் ஜெனிசிஸும் ஒன்றாயின. இணைந்த நிறுவனத்தின் பொறுப்பில் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் வந்தன. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2016-இல், வேறிரு பெரும் சங்கங்கள் ஒன்றாகிக் ‘கிளாரியன்’ என்னும் நிறுவனம் பிறந்தது. அதன் வீடுகள் ஏறத்தாழ 1,25,000. ஒரு சில வீடுகளின் கதவுகளைத் தட்டித் தொடங்கிய அன்புப்பணி, ஒரு மாநகரின் அளவுக்கு விரிந்துவிட்டது.

இணைப்பை விரும்பியோரைப் பேராசைக்காரர் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. 2010-க்குப் பின் புதிய வீடுகள் கட்ட அரசு தந்துவந்த மானியம் பெரிதும் குறைந்தது. 2016 முதல் நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் வாடகையைக் குறைக்கவேண்டும் என அரசு விதித்தது. குடியிருந்தோருக்கு அது நன்மையே; ஆயினும் சங்கங்களின் வருவாய் சுருங்கியது. இரண்டு அலுவலகங்களை ஒன்றாக்கினால் செலவு மிச்சமாகும். சொத்து பெரிதானால் வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் தரும். அக்கடனால் வீடற்றோர்க்கு மேலும் வீடு கட்டலாம் என்பது அவர்கள் வாதம். இன்று வீட்டில் இருப்பவரின் வசதிக்காக, இன்னும் தெருவில் நிற்பவரை மறக்கலாமா என்றும் அவர்கள் கேட்டனர். இது எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று.

பெரியது என்பதாலேயே ஒன்று தீயதாகிவிடாது என்பதற்கு நம் மாவட்டமே சான்று. தருமபுரி மண்ணின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களில் கறை படிந்தோரையும் எலும்புகள் வளைந்தோரையும் தலைமுறைகளாகக் கண்டோம். எந்தச் சிற்றூராட்சியும் தன் கிணற்றை மேலும் ஆழப்படுத்தி அந்நோயைத் தீர்த்திருக்க முடியாது. ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்து, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயற்பாட்டுக்கு வந்தது. ஊர்கள் ஒன்றுசேர்ந்ததால்தான் அது இயன்றது. ஆனால் தெருக்குழாயில் நீர் வராத நாளில், குடத்துடன் நிற்கும் பெண் பெருங்குழாயிடம் முறையிட முடியாது. ஊரிலே ஒருவர் அவள் சொல்லைக் கேட்டுத் திருகாணியைத் திறக்கவேண்டும். ஊற்று பெரிதாக இருக்கலாம். குழாய் அருகில் இருக்கவேண்டும்.

வங்கித் துறையிலும் இத்தகைய இணைப்பை நாம் கண்டிருக்கிறோம். அதியமான் பெயரைத் தாங்கிய கிராம வங்கி, 2006-இல் வள்ளலார் கிராம வங்கியுடன் இணைந்து பல்லவன் கிராம வங்கியாயிற்று. பின்னர் 2019 ஏப்ரலில் அதுவும் பாண்டியன் கிராம வங்கியும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி உருவாயிற்று. பதின்மூன்று ஆண்டுகளில் பெயர்ப்பலகை இருமுறை மாறியது. கணக்கிலிருந்த பணத்துக்கு ஊறு நேரவில்லை. ஆனால் வங்கிக் கணக்கையும் குடியிருக்கும் வீட்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஒரு வங்கியை விட்டு வேறொன்றை நாடலாம். குழந்தைகளின் பள்ளியும், கணவனின் வேலையும், முதியவரின் மருத்துவமனையும் சுற்றி அமைந்துவிட்ட வீட்டை அவ்வாறு விட்டுச் செல்ல முடியுமா?

சட்டம் இதில் ஓரளவு துணைநிற்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, வாடகைக்கு விடப்பட்ட சொத்தை வாங்குபவர் பழைய உரிமையாளரின் உரிமைகளைப் பெறுவதோடு, குடியிருப்பவர் விரும்பினால் அவருடைய கடமைகளையும் ஏற்கவேண்டியவராகிறார். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அது பதிவு செய்யப்படவேண்டும் என்கிறது. எழுதப்பட்ட கடமைகள் கைமாறும். ஆனால் எழுதப்படாதவை? வேலை கிடைக்காத மாதத்தில் வாடகையைப் பொறுத்துக்கொண்டது, மகப்பேற்றுக்குச் சென்றவர் திரும்பும்வரை அறையைப் பிறருக்கு விடாதிருந்தது, ஒழுகும் மூலையைச் சொன்னவுடன் வந்து பார்த்தது. இவை எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ஏழையின் வாழ்வு பெரும்பாலும் இத்தகைய எழுதப்படாத இரக்கங்களின்மேல் நிற்கிறது. இணைப்புப் பத்திரங்களில் இவற்றுக்குப் பத்தி கிடையாது. ஆகவே யாரும் திட்டமிட்டுப் பறிக்காமலே இவை மறைந்துபோகின்றன.

எனினும் அருகாமையை நாம் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடலாகாது. எழுதப்படாத இரக்கம் இருக்குமிடத்தில் எழுதப்படாத கொடுமையும் இருக்கக்கூடும். சாதி கேட்டு வீடு மறுப்பவரும், மதம் கேட்டு மறுப்பவரும் பெரும்பாலும் அதே தெருவில் வாழும் சிறு உரிமையாளர்களே. அறிமுகம் மட்டுமே அன்பாகிவிடாது என்பதை, 2012 நவம்பரில் நாய்க்கன்கொட்டாய்ப் பகுதியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தபோது நம் மாவட்டம் கண்டது. எரித்தவர்கள் தொலைவிலுள்ள ஒரு வாரியத்தார் அல்லர். பெயரும் சாதியும் அறியாத ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவலகம் சிலருக்கு விடுதலையாகக்கூட இருக்கும்.

சிறிய அளவும் உறுப்பினர் உரிமையும்கூடத் தம்மளவில் போதா என்பதற்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரம் துயரமான சான்று தருகிறது. 1844-இல் நெசவாளரும் பிற தொழிலாளரும் கூட்டுறவுக் கடை திறந்து, உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டிய ஊர் அது. அந்நகரின் வீட்டுவசதி நிறுவனம், குடியிருப்போரையும் பணியாளரையும் உறுப்பினராகக் கொண்டது. அதன் வீடொன்றில் சுவரெங்கும் படர்ந்திருந்த பூஞ்சையால் நோயுற்று, 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பெற்றோர் முறையிட்டும் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பது 2022-இல் விசாரணையில் வெளிப்பட்டது. அதன் விளைவாக 2023-இல் இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய கேடுகளைக் குறித்த காலத்துக்குள் ஆராய்ந்து சீர்செய்யவேண்டும் என்ற விதிக்கு வழிவகுத்தது.

அப்படியாயின் சிக்கல் அளவில் மட்டும் இல்லை. அழைத்தவரின் குரலைக் கேட்டாகவேண்டிய கட்டாயம் யாருக்கேனும் உண்டா என்பதிலேயே இருக்கிறது. இணைப்பு நிகழும்போது இக்கட்டாயம் எளிதில் தளர்ந்துவிடுகிறது. இங்கிலாந்தில் நகராட்சி தன் வீடுகளை ஒரு சங்கத்துக்கு மாற்றவேண்டுமானால் குடியிருப்போரிடையே வாக்கெடுப்பு நடத்தவேண்டும். ஆனால் ஒரு சங்கம் மற்றொரு சங்கத்துடன் இணைவதற்கு அத்தகைய வாக்கெடுப்பு கட்டாயமில்லை. கருத்துக் கேட்டால் போதும். கருத்துச் சொல்பவர் விருந்தினர், வாக்களிப்பவர் வீட்டார்.

இங்கே திருச்சபையின் சமூகப் போதனை நமக்கு ஒளி தருகிறது. 1931-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் வெளியிட்ட ‘நாற்பதாம் ஆண்டு’ என்னும் சுற்றுமடல், சிறிய சமூகங்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று கற்பித்தது. பெரிய அமைப்பு இருக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. சிறியதற்குத் துணைநிற்பதற்காகவே பெரியது இருக்கிறது என்றது. இதைக்கொண்டு அளந்தால், கடன் பெறுவதும் கட்டுமானப் பொருள் வாங்குவதும் மேலே நடக்கலாம். ஒழுகும் கூரையைப் பற்றிய முடிவு கீழேயே எடுக்கப்படவேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதற்கான முயற்சி உண்டு. 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்னும் அதன் திட்டம், பராமரிப்புப் பணியைக் குடியிருப்போர் நலச் சங்கங்களிடம் தருகிறது. நோக்கம் நல்லது. ஆனால் பொறுப்பை மட்டும் கீழே அனுப்பிவிட்டு அதிகாரத்தை மேலேயே வைத்துக்கொண்டால், அது துணைநிற்றல் ஆகாது. சுமையை மாற்றி வைத்தலே ஆகும்.

அரசர் முதல் நூலில் வரும் நாபோத்தை இங்கு நினைவுகூர்வோம். ஆகாபு அரசன் முதலில் அத்தோட்டத்தைப் பறிக்க முயலவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருவதாகவும், வேண்டுமாயின் விலை தருவதாகவும் கூறினான். நேர்மையான பேரந்தான். ஆயினும் நாபோத்து மறுத்தார். அவருக்கு மறுக்கும் உரிமை இருந்தது. அவ்வுரிமையைப் பொறுக்கமுடியாததிலிருந்தே குற்றம் பிறந்தது. குடியிருப்பவர் நாபோத்தைப்போல் மூதாதையர் நிலத்தின் உரிமையாளர் அல்லர் என்பது உண்மையே. ஆனால் நிலம் ஆண்டவருடையது, மக்கள் அதில் தங்கி வாழும் அன்னியர் என்று லேவியர் நூல் நில உரிமையாளரைப் பார்த்தே சொல்கிறது. அந்தக் கண்ணோட்டத்தில் நாம் அனைவருமே குடியிருப்பவர்கள்.

ஆகவே வீடுகளை வைத்திருக்கும் அமைப்புகள் இணைய விரும்பினால், அவற்றிடம் நான்கு கேள்விகளைக் கேட்பது முறை. குடியிருப்போர் வேண்டாம் என்று சொன்னால் அச்சொல்லுக்கு வலிமை உண்டா? பழுது என்று முறையிட்டால், எந்த மனிதர், எத்தனை நாளுக்குள் வந்து பார்ப்பார்? மிச்சமாகும் பணத்தில் எவ்வளவு பழைய வீடுகளின் சீரமைப்புக்குத் திரும்பும்? இதுவரை வழக்கமாகக் காட்டப்பட்ட இரக்கங்களில் எவை எழுத்தில் இடம்பெறும்? இவற்றுக்குத் தெளிவான விடை இருந்தால் இணைப்பை நாம் வரவேற்கலாம். விடையில்லையெனில், மிச்சமாகும் செலவு ஏழையின் காத்திருப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பது பொருள்.

இக்கேள்விகளைப் பிறரிடம் மட்டும் கேட்டு நாம் நின்றுவிட முடியாது. திருச்சபையும் ஒரு வீட்டுக்காரரே. பல ஊர்களில் பங்குகளும் துறவறச் சபைகளும் அறக்கட்டளைகளும் வீடுகளையும் கடைகளையும் வாடகைக்கு விட்டிருக்கின்றன. நிர்வாகம் மாறும்போதும், கணக்குகள் ஒன்றாக்கப்படும்போதும், புதிய பொறுப்பாளரின் கைக்கு வாடகைப் பேரேடு வந்துசேர்கிறது. அதிலே நிலுவைத் தொகை இருக்கும். அந்நிலுவை ஏன் பொறுத்துக்கொள்ளப்பட்டது என்பது இராது. நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். பேரேட்டைக் கையில் வாங்குபவர், அதிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறையேனும் நேரில் சென்றுவந்த பிறகே வாடகை பற்றி முடிவு செய்வது என்று ஒரு வழக்கத்தை நம் இல்லங்களில் ஏற்படுத்தலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சில மாலைப்பொழுதுகள் போதும்.