பார்வை

முதல் தடவை கொக்கு சுடப் போகிறவன் துப்பாக்கியைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டு போவான். ஆனால் அவனுக்கு முதலில் தரப்படும் வேலை பொம்மை நடுவது.

ஸாண்ட்ஹில் கிரேன் என்ற வட அமெரிக்கப் பறவையைச் சொல்கிறேன். (நம் வயற்கொக்கு அல்ல, நாரையும் அல்ல. சாம்பல் நிறம், ஆள் மார்பு உயரம், நெற்றியில் சிவப்பு. பாரம் தூக்கும் யந்திரத்துக்குக் கிரேன் என்று பெயர் வந்ததே இந்த இனத்தின் கழுத்தைப் பார்த்துத்தான்.) அதைச் சுட 1916லிருந்து அமெரிக்காவில் தடை இருந்தது. 1961ல் டெக்ஸஸ், நியூ மெக்ஸிகோவின் சில பகுதிகளில் தடை விலகிற்று. ஏரியின் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடியே இரவைக் கழித்துவிட்டு, விடிந்ததும் சோளம் அறுத்த நிலங்களுக்கு அவை மேயப் போகும். நேற்று எங்கே மேய்ந்தன என்று பார்த்துவைத்துக்கொண்டு, இருட்டோடு அங்கே போய்ப் பொய்க் கொக்குகளை நட வேண்டும்.

நடுவதற்கு இலக்கணம் இருக்கிறது. பெரும்பாலானவை தலை குனிந்து மேய வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் நிமிர்ந்து காவல் பார்க்கலாம். எல்லாம் நிமிர்ந்தால் ஆபத்து என்று அர்த்தமாகிவிடும், மேலே வருகிறவை இறங்கமாட்டா. இரண்டு பெரியவை, பக்கத்தில் குஞ்சு ஒன்று என்று குடும்பமாக நடலாம்; நிஜத்தில் அவை குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் திரிகின்றன. காற்றை எதிர்த்து இறங்கும் பறவை ஆதலால் அதற்கேற்ற பக்கத்தில் வெற்றிடம் விட வேண்டும். பிறகு தாள்களைப் போர்த்திக்கொண்டு பொம்மைகளுக்கு நடுவில் மல்லாந்து கிடக்க வேண்டியதுதான். ஒரு கொக்குக் கூட்டத்தின் நிம்மதி எப்படியிருக்கும் என்று தெரியாதவனால் இதைச் செய்ய முடியாது. கொக்குகளின் சதுப்பு நிலத்துக்கு இரங்கல் எழுதிய ஆல்டோ லியபோல்ட் கடைசிவரை வேட்டைக்காரராகவே இருந்தார். அதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

கொல்வது சரியா என்பது வேறு விவாதம். கறி தின்கிறவன் நான், அதில் நீதி பேச எனக்கு வாயில்லை. இங்கே கேள்வி வேறு: கொலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஏமாற்றியது என்று தனியாக ஒரு குற்றம் மிஞ்சுகிறதா?

மிஞ்சாது என்பது வழக்கமான பதில். கொலைகாரன் வாசலில் வந்து கேட்டால்கூட நண்பன் ஒளிந்திருக்கும் இடம் பற்றிப் பொய் சொல்லலாகாது என்று 1797ல் எழுதிய கான்ட்டுக்கே கொக்கிடம் சொல்லும் பொய் பொய்யாகாது. மிருகத்துக்கு நேராக நமக்குக் கடமை எதுவுமில்லை என்பது அவர் கட்சி. பேசாத ஜீவனிடம் என்ன வாக்கு மீறினோம்?

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இது பொய்யாகப் படவில்லை, கள்ள நோட்டாகப் படுகிறது. பொய் சொல்கிறவன் தன் பெயரில் சொல்கிறான். கள்ள நோட்டு அடிக்கிறவன் இன்னொருவர் கையெழுத்தை வைக்கிறான். தலை குனிந்து மேயும் ஒரு கொக்கின் உடம்பு கொக்குகளுக்குள் செல்லுபடியாகும் நாணயம். 'இங்கே பயமில்லை' என்பது அதன் மதிப்பு. மனிதன் அந்த நாணயத்தைத்தான் அச்சடிக்கிறான். ஒரு தரம் தப்பித்த பறவை மறுதரம் சந்தேகத்தோடு சுற்றுகிறது, ஆகவே அச்சும் தேற வேண்டியிருக்கிறது. தட்டையான நிழலுருவம் போய் முழு உடல் பொம்மை வந்தது. அதுவும் போதாதவர்கள் முன்பு சுட்ட கொக்கின் தோலையே பாடம் செய்து நடுகிறார்கள். நிஜக் காகிதத்தில் அடித்த கள்ள நோட்டு.

இதில் சட்டம் போட்டிருக்கும் கோடு விசித்திரமானது. வாயால் கொக்கு மாதிரிக் கூவலாம், பதிவு செய்த குரலை ஒலிபரப்பக் கூடாது. செத்த கொக்கை நடலாம், உயிருள்ள பறவையைக் கட்டி வைக்கக் கூடாது. உயிருள்ள வாத்தைக் கட்டி வாத்து பிடிப்பதை 1935ல் தடுத்தார்கள். அறத்தைப் பார்த்துப் போட்ட தடையல்ல, வறட்சியில் வாத்து குறைந்துபோயிற்று. விளைவு என்னவென்றால், நல்ல நோட்டைக் காட்டிப் பிடிப்பது குற்றம், கள்ள நோட்டைக் காட்டிப் பிடிப்பது விளையாட்டு.

ஆனால் வேட்டைக்காரன் தரப்பில் ஒரு பதில் உண்டு. அதை நான் தாண்ட முடியவில்லை. உயரத்தில் கடந்து போகும் பறவையைச் சுட்டால் காயம்பட்டு எங்கோ போய் விழும். பொம்மையை நம்பி முப்பது கஜத்துக்குள் வந்தது உடனே சாகும். தவிர, அருகில் வந்தால்தான் என்ன பறவை என்று தெரியும். 1941ல் இருபது சொச்சமாகக் குறைந்துபோன ஹூப்பிங் கிரேனும் இதே வானத்தில்தான் வலசை போகிறது. 2004ல் கான்ஸாஸில் ஸாண்ட்ஹில் வேட்டைக்குப் போனவர்கள் அதில் இரண்டைச் சுட்டார்கள். ஆக, ஏமாற்று எவ்வளவு பூரணமோ அவ்வளவு வலி குறைவு. கருணையும் மோசடியும் ஒரே காரியமாக இருக்கும்போது எதைச் சொல்லி அதை நிறுத்தச் சொல்வது?

முதல் தடவை போகிறவனுக்கு இந்தத் தர்க்கமெல்லாம் தெரிந்திருக்கலாம். சிறகை விரித்து, கால்களைத் தொங்கவிட்டு, ஆறடி அகலப் பறவை நேராக அவனை நோக்கி இறங்குகிறது. சுடுவதற்கு முந்தைய அந்த இரண்டு விநாடி அவன் நம்பப்படுகிறான். மனிதனாக அல்ல, கொக்காக. சுட்ட பிறகு வருவது பச்சாத்தாபம் என்று பேர் சொல்லக்கூடியது. இந்த இரண்டு விநாடிக்கு என்ன பேர் என்று தெரியவில்லை.

தமிழில் இந்தப் பொறிக்குப் பழைய சொல் 'பார்வை'. பழக்கிக் கட்டிவைத்து, தன் இனத்தை வரவழைக்கும் மிருகம். புறநானூற்றில் 320ஆம் பாட்டில் வேட்டுவன் வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு பெண்மான் கட்டியிருக்கிறது. காட்டிலிருந்து ஒரு கலைமான் வந்து அதோடு சேர்கிறது. பொறி பலித்துவிட்டது, எழுப்பினால் போதும். புருஷன் விழித்துக்கொள்வானோ என்று ஒரு பயம், கலை பிணையை விட்டுப் போய்விடுமோ என்று ஒரு பயம். வீட்டுக்காரி அசையாமல் இருந்துவிடுகிறாள். மான்தோல் மேல் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்றுகொண்டிருக்கின்றன.