காணோம் என்றால் இல்லையா?

"பயாஸ் அப்டேட் போட்டேன் சார், டிஸ்க் போயிடுச்சு."

லேப்டாப் பழுது பார்க்கும் கடைக்காரர்களுக்கு இது பழகிப்போன வாக்கியம். சென்னை ரிச்சி தெருக் கடையாக இருந்தாலும் சரி, சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயராக இருந்தாலும் சரி. ஆறே சொல்தான், ஆனால் அதற்குள் இரண்டு அனுமானங்கள் புகுந்துகொண்டிருக்கின்றன. அப்டேட்டுக்குப் பிறகு நடந்தது, ஆகவே அப்டேட்டால் நடந்தது என்பது ஒன்று. டிஸ்க் காட்டவில்லை, ஆகவே டிஸ்க் இல்லை என்பது இன்னொன்று. இரண்டையும் சோதிக்காமல் நம்பிவிடுகிறவர் அடுத்துச் செய்வது, திரையில் கேட்கும் "இனிஷியலைஸ்" பொத்தானை அழுத்துவது, அல்லது ஃபார்மேட் போடுவது. அதுவரை பத்திரமாக இருந்த கல்யாண ஆல்பமும் கணக்குப் புத்தகமும் அப்போதுதான் நிஜமாகவே ஆபத்தில் விழுகின்றன.

இந்த இரண்டு தாவல்களையும் இந்தியத் தர்க்கவாதிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிய்த்துப் பிய்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இருந்தது டிஸ்க் அல்ல, குடம். சில சமயம் கடவுள்.

"இந்தத் தரையில் குடம் இல்லை" என்று ஒருவர் சொல்கிறார். அவருக்கு அது எப்படித் தெரிந்தது? குடம் இருந்தால் கண் அதைப் பார்க்கும். இல்லாத குடத்தைக் கண் எப்படிப் பார்க்கும்? ஏழாம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த மீமாம்சகர் குமாரில பட்டர், இன்மையை அறிவதற்கென்றே தனியாக ஓர் அளவை, அதாவது அறியும் வழி, உண்டு என்றார்; காணாமையே அந்த அளவை. நியாயவாதிகள் தனி அளவை வேண்டாம், காட்சியே போதும் என்றார்கள். இந்த விவாதம் தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வைதிகவாதி அடுக்கும் அளவைகளில் இன்மையை அறியும் அபாவமும் ஒன்று.

ஆனால் ஒரு நிபந்தனையில் நியாயவாதிகளும் பெளத்தர்களும் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள். காணாமை எல்லாமே இன்மைக்குச் சான்றாகிவிடாது. வெளிச்சம் இருக்க வேண்டும், கண் நன்றாக இருக்க வேண்டும், பொருள் கண்ணுக்குப் படக்கூடிய வகையாக இருக்க வேண்டும். குடம் இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்று சொல்லக்கூடிய நிலையில் அது தெரியவில்லை என்றால்தான் "இல்லை" எனலாம். இருட்டறையில் நின்றுகொண்டு குடம் இல்லை என்று சாதிக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது. காணத்தகாத பொருளைக் காணாமல் இருப்பது ஐயத்துக்கு மட்டுமே இடம் தரும் என்றார் பெளத்தரான தர்மகீர்த்தி.

இதை லேப்டாப்பில் பார்ப்போம். லேப்டாப்பைத் துவக்கிவைக்கும் பயாஸின் அப்டேட் சில மாடல்களில் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். டிஸ்க்கோடு பேசும் முறை ஏ.எச்.சி.ஐ. என்றிருந்தது ரெய்டு என்று மாறியிருக்கலாம், அல்லது இன்டெல்லின் வி.எம்.டி. என்ற அமைப்பு விழித்துக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் கிளம்பும்போது நீலத்திரை வந்து, துவக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்கிறது. பயந்துபோன பயனர் பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரைப் போட்டுத் திறக்கிறார். "எங்கே நிறுவ வேண்டும்?" என்று கேட்கும் அந்தப் பக்கத்தில், டிஸ்க்குகளின் பெயர் இருக்க வேண்டிய பட்டியல் வெறும் வெள்ளையாக இருக்கிறது. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்.

அந்த வெள்ளைப் பட்டியல் இருட்டறை. வி.எம்.டி. இயங்கும்போது இன்ஸ்டாலருக்கு அதற்கான டிரைவர் இல்லையென்றால் டிஸ்க் அதன் கண்ணில் படாது. அதே பக்கத்தில் கீழே "லோட் டிரைவர்" என்று இருப்பதை அழுத்தி, இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவர் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் சில நொடிகளில் டிஸ்க்கின் பெயரும் அளவும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பயாஸில் பழைய முறையைத் திரும்ப வைத்துவிட்டால் பெரும்பாலும் விண்டோஸே பழையபடி எழுந்துவிடும். அனுபவப்பட்ட மெக்கானிக் எடுத்த எடுப்பில் டிஸ்க்கைக் கழற்றாமல் முதலில் பயாஸுக்குள் நுழைந்து டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், பிறகு லினக்ஸ் பென் டிரைவில் துவக்கிப் பார்ப்பதும், கடைசியில் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான். ஒவ்வொரு படியிலும் அவர் இன்னொரு விளக்கை ஏற்றுகிறார்.

சில நேரம் பயாஸுக்குக் கூடக் காட்டாது. 2009 ஜனவரியில் சீகேட்டின் பாரகூடா 7200.11 வகை டிஸ்க்குகள் பல அப்படித்தான் மறைந்தன. அவை டெஸ்க்டாப் டிஸ்க்குகள். முந்தின நாள் வரை ஓடியவை, மறுநாள் மின்சாரம் கொடுத்ததும் பயாஸின் பார்வையிலிருந்தே காணாமல் போயின. கோளாறு, டிஸ்க்கை உள்ளிருந்து இயக்கும் எஸ்.டி.15 போன்ற ஃபர்ம்வேர்களில் இருந்தது. டிஸ்க் தனக்குள் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவேடு குறிப்பிட்ட ஓர் எண்ணில் வந்து நிற்கும்போது மின்சாரம் போய் வந்தால், அது விழித்தெழாமல் "வேலையாக இருக்கிறேன்" என்ற நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். தட்டுகளில் இருந்த தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பொறுமை உள்ளவர்கள் அவற்றை மீட்ட விதம் சுவையானது. அடிப்பக்கச் சர்க்யூட் போர்டின் நட்சத்திரத் திருகுகளைத் தளர்த்தி, போர்டுக்கும் மோட்டார் இணைப்புக்கும் நடுவே ஒரு துண்டு அட்டையைச் செருகுவார்கள். தட்டு சுழலாத அந்த நிலையில், டிஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் சின்ன சீரியல் முனையில் கம்பியை இணைத்து, கம்ப்யூட்டரிலிருந்து எழுத்தெழுத்தாகக் கட்டளை கொடுத்து டிஸ்க்கைப் பேசவைப்பார்கள். பிறகு அட்டையை உருவி, திருகுகளை முடுக்கி, தட்டைச் சுழலவிட்டுக் கோளாறைத் துடைக்கும் கட்டளைகளைக் கொடுத்தால் டிஸ்க் எதுவும் நடக்காததுபோல் எழுந்துவிடும். சீகேட்டும் இலவசமாகத் தரவு மீட்டுத்தர முன்வந்தது. வேடிக்கை என்னவென்றால், இதைச் சரிசெய்ய அந்நிறுவனம் அவசரமாக வெளியிட்ட முதல் ஃபர்ம்வேர் 500 ஜி.பி. டிஸ்க்குகள் சிலவற்றை முடக்கிவிட்டது. அதைத் திரும்பப் பெற்று வேறொன்று வெளியிட வேண்டியதாயிற்று.

இதே தர்க்கத்தைக் கடவுள் பக்கம் திருப்பியவர் உதயணர். மிதிலையைச் சேர்ந்தவர், பத்து அல்லது பதினோராம் நூற்றாண்டு. அவருடைய நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில் எதிர்க்கட்சி கேட்பது, இன்றைக்கும் டீக்கடையில் கேட்கக்கூடிய கேள்வி: கடவுள் இருந்தால் ஏன் தெரியவில்லை? உதயணரின் பதில் இது: காணத்தக்க பொருளைக் காணாவிட்டால்தான் அது இல்லை என்று ஆகும். இயல்பிலேயே கண்ணுக்குப் படாத ஒன்றைக் காணவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. அதோடு நிற்காமல், கண்ணால் கண்டதை மட்டுமே நம்பும் சார்வாகரைக் கிண்டலும் செய்கிறார். கண்ணில் படாததெல்லாம் இல்லை என்றால், வீட்டை விட்டு வெளியே வந்த சார்வாகர் மனைவி மக்கள் இல்லாமல் போய்விட்டார்கள் என்று தெருவில் நின்று அழ வேண்டியதுதான். வீடு திரும்பவும் அவருக்குக் காரணம் இருக்காது.

கிண்டல் சிரிப்பு மூட்டினாலும், அந்த வாதம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். அது "இல்லை" என்ற முடிவைத் தடுக்கிறது. "உண்டு" என்ற முடிவைக் கொடுக்கவில்லை. பயாஸில் காட்டாத டிஸ்க் உயிரோடு இருக்கலாம் என்பதற்கும் உயிரோடு இருக்கிறது என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. 2019 நவம்பரில் எச்.பி.ஈ. நிறுவனம் தன் சர்வர்களில் இருந்த சில எஸ்.எஸ்.டி.களைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மொத்தம் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் அவை செயலிழக்கும். அதற்கு முன்பே ஃபர்ம்வேரை மாற்றாவிட்டால் டிஸ்க்கையும் மீட்க முடியாது, தரவையும் மீட்க முடியாது என்றது அந்த எச்சரிக்கை. அங்கே எத்தனை விளக்கு ஏற்றினாலும் குடம் வரப்போவதில்லை. உதயணருக்கும் இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் மறுப்பை மறுத்ததோடு நிறுத்தாமல், உலகம் ஒரு காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும் என்பது முதலான நேர்ச் சான்றுகளுக்கு நூலின் கடைசிப் பகுதியைத் தனியே ஒதுக்கினார். அந்தச் சான்றுகள் செல்லுமா என்பது வேறு வழக்கு.

இனி முதல் தாவல்: அப்டேட்டால்தான் போனதா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. ஆனால் காக்கை கனமானதாகவும் காம்பு இற்றுப்போனதாகவும் இருந்தால் என்ன செய்வது? நியாயவாதிகள் இதற்கு ஒரு சல்லடையே வைத்திருந்தார்கள். காரியத்துக்கு முன்னால் இருந்ததெல்லாம் காரணம் ஆகிவிடாது. பதினேழாம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய பாஷாபரிச்சேதம், காரணம் போலத் தோன்றிக் காரணம் ஆகாதவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் இரண்டு மறக்க முடியாதவை. ஒன்று, மண் சுமந்து வந்த குயவனின் கழுதை. இந்தக் குடத்துக்கு முன்னால் அது நின்றது உண்மை. ஆனால் கழுதை இல்லாமலும் குடங்கள் உருவாகின்றன. இன்னொன்று, குயவனின் அப்பா. அவர் இல்லாமல் குயவன் இல்லை. என்றாலும் அவர் குயவனுக்குக் காரணமே தவிரக் குடத்துக்குக் காரணம் அல்ல.

க்ரூஷியல் நிறுவனத்தின் எம்4 எஸ்.எஸ்.டி. கழுதைக் கதைக்குப் பொருத்தம். ஏறத்தாழ 5,184 மணி நேரம் ஓடியதும் அது பதில் சொல்லாமல் நின்றுவிடும். மறுபடி துவக்கினால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர்தான் அதைத் தீர்த்தது. அந்த மணிக்கணக்கு நிறைந்த நாளில் யாராவது தற்செயலாக பயாஸை அப்டேட் செய்திருந்தால் பழி முழுவதும் அதன் மேல் விழுந்திருக்கும். அப்டேட் அங்கே வெறும் கழுதை.

குயவனின் அப்பா இன்னும் அடிக்கடி தென்படுகிறார். பல மாதமாக மூடித் திறந்து மட்டுமே பயன்பட்ட பழைய லேப்டாப். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் சில செக்டர்கள் ஏற்கெனவே நலிந்திருக்கின்றன. அப்டேட் அதை முழுதாக நிறுத்தித் துவக்குகிறது. இத்தனை நாள் படிக்கப்படாத பகுதிகளைத் துவக்கம் படிக்கப் போகிறது, அங்கே சிக்குகிறது. அப்டேட் மறுதுவக்கத்துக்குக் காரணம், மறுதுவக்கம் நலிவை வெளிப்படுத்தியது, நலிவோ முன்பே இருந்தது. டிஸ்க் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் இடம் மாற்றப்பட்ட செக்டர்களும் காத்திருக்கும் செக்டர்களும் ஏறியிருந்தால் அப்பாவை விட்டுவிட்டு டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும். அதற்குமேல் எதையும் எழுதாமல் முழு டிஸ்க்கையும் முதலில் படியெடுப்பதுதான் அப்போது வேலை.

அப்டேட்டே குற்றவாளியாக நிற்கும் வழக்குகளும் உண்டு. 2009 ஜூனில் ஆப்பிள் அப்போதைய மேக்புக் ப்ரோக்களுக்கு ஈ.எஃப்.ஐ. 1.7 என்ற ஃபர்ம்வேரை வெளியிட்டது. நொடிக்கு 1.5 கிகாபிட் என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்த சாட்டா இணைப்பின் வேகத்தை அது 3 கிகாபிட் ஆக்கியது. வெளியே வாங்கி மாட்டிய டிஸ்க்குகள் பலவற்றில் திணறல் என்று புகார்கள் கிளம்பின. அந்த வேகத்து டிஸ்க்குகளைத் தான் சோதித்து விற்கவில்லை என்பதே ஆப்பிளின் நிலை. அப்டேட் இங்கே கழுதையும் அல்ல, அப்பாவும் அல்ல. ஆனால் தனியாகவும் குடத்தை வனையவில்லை. வேகம் கூடியதும் எல்லா டிஸ்க்கும் விழவில்லை. சில டிஸ்க்கோடு சேர்ந்தபோதுதான் கோளாறு பிறந்தது. தண்டும் சக்கரமும் கூடினால்தான் குடம் என்ற பழைய பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

இந்த வழக்குகளில் எல்லாம் கேள்வி ஒருவாறு தீர்ந்துவிடுகிறது. தீராத ஒன்று பிட்லாக்கர். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி, சாவியை டி.பி.எம். சிப்பிடம் ஒப்படைக்கிறது. துவங்கும்போது ஃபர்ம்வேரின் அளவீடுகள் ஒத்துப்போனால்தான் சிப் சாவியைத் தரும். பயாஸ் மாறினால் அளவீடும் மாறலாம். உரிமையாளரைப் பார்த்து 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும் திரை வந்து நிற்கும். அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொல்வது இதனால்தான். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்தப் பூட்டு கேட்காமலே போடப்பட்டிருப்பதால், பூட்டு இருப்பதே பலருக்கு அந்தத் திரையைப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருந்தால் பிழைத்தார். எங்குமே இல்லையென்றால்? டிஸ்க் பயாஸில் தெரிகிறது. ஒரு செக்டர்கூடக் கெடவில்லை. எல்லா விளக்கும் எரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் புகைப்படத்தை மனிதர் யாரும் இனிப் பார்க்கப்போவதில்லை. அந்தப் படம் இருக்கிறதா, இல்லையா?

உள்ளதெல்லாம் அறியத்தக்கது என்பது நியாய வைசேடிகர் கொள்கை. யாராலும் அறிய முடியாத பொருள் என்று ஒன்று அவர்கள் கணக்கில் இல்லை. மனிதர் அறியாததையும் ஈசுவரன் அறிவான் என்று அவர்கள் பதில் சொல்லிவிடலாம். உதயணருக்கு அந்தப் படம் இருக்கிறது. தர்மகீர்த்தியிடம் போனால் நிலைமை வேறு. ஒரு காரியத்தைச் செய்ய வல்லதே உள்ளது என்பது அவர் தரும் இலக்கணம். யாருக்கும் தெரியாத, எதையும் செய்யாத படத்தை உள்ளது என்று அவர் ஏற்பது கடினம். இன்றைய தொழில்நுட்ப உலகம் இந்த இடத்தில் அவர் பக்கம் நிற்கிறது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், தரவை அழிக்கும் முறைகளைப் பற்றிய தன் 2014 வழிகாட்டியில், மறையாக்கம் செய்த டிஸ்க்கின் சாவியை முறைப்படி அழிப்பதையே தரவை அழித்ததாக ஏற்கிறது. தட்டில் பிட்டுகள் அத்தனையும் அப்படியே கிடந்தாலும் சரி. பழைய லேப்டாப்புகளை மொத்தமாகக் கழித்துக்கட்டும் கம்பெனி அந்த நம்பிக்கையில்தான் அவற்றை விற்கிறது. சாவி தொலைந்த டிஸ்க்கைத் தூக்கிப் போட மனமில்லாமல், என்றைக்காவது பழைய மின்னஞ்சலில் அந்த 48 இலக்கம் கிடைக்கும் என்று பீரோவில் எடுத்து வைத்திருப்பவர், நியாயகுசுமாஞ்சலியின் பெயரையே கேள்விப்படாமல் உதயணர் கட்சியில் சேர்ந்துவிட்டார்.